அம்மாவின் முறைப்பு

அவளுடைய கை சும்மா இருக்காது. ஸ்டூடியோவில் கணினி முன் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகப் படங்களைத் திருத்துகிறாள். பரு, தழும்பு, கருவளையம், எதைக் கண்டாலும் விரல் துடிக்கும். தெருவே அவளை 'டச்சப் அக்கா' என்றுதான் கூப்பிடும். எதிரே சாப்பிடுகிறவர் கன்னத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் இவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

படம் எடுப்பவர் அவள் கணவர். நிதானமான மனிதர். இருவருக்கும் ஒரே சண்டைதான்: ராவா, ஜேபெக்கா? ரா கோப்பு கேமரா கண்டதை எல்லாம் அப்படியே வைத்திருக்கும். மங்கலாக இருக்கும், இடத்தையும் அடைக்கும். ஜேபெக் வேண்டாததைக் கழித்துவிட்டுச் சிறியதாய், பளிச்சென்று வந்து நிற்கும். திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது இன்னும் கொஞ்சம் கழியும். அவளுக்கு ஜேபெக்தான். சனிக்கிழமைதோறும் ரா கோப்புகளை மொத்தமாக அழித்துவிடுவாள்.

"தைச்ச சட்டை கையில இருக்கு. வெட்டுன துணியை எதுக்குங்க கட்டிக் காப்பாத்தணும்?"

"சட்டை பிடிக்கலைன்னா?"

"நான் தைச்சா பிடிக்கும்."

அம்மா இறந்து இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவின் படத்தைச் சட்டம் போட்டு அப்பா வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வந்தாள். திங்கள் காலை பத்து மணிக்கு அப்பா அந்தப் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். சட்டைப் பொத்தான் வழக்கம்போல ஒன்று தப்பி, ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி.

"யாரும்மா இந்தப் பொம்பளை?"

"அப்பா! அம்மாப்பா!"

"உங்கம்மாவா? நாப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள்கூட என்னை இப்படி சாந்தமாப் பாத்ததில்லையே. இவ முன்னால சட்டை மாத்தவே எனக்குக் கூச்சமா இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. படம் எடுத்த அன்றும் அப்பா பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார். அம்மா திரும்பி முறைத்தாள். அந்த நொடியில் கணவர் எடுத்துவிட்டார். பிறகு இவள்தான் புருவங்களுக்கு நடுவிலிருந்த இரண்டு மடிப்புகளை அழித்தாள். உதட்டோரத்தைத் தூக்கினாள். அம்மா போன பிறகு துக்கம் பொங்கும்போதெல்லாம் அதே கோப்பைத் திறந்து, தடவி, அதன் மேலேயே சேமித்தாள். ஐயோ, அந்தக் கை!

"கொஞ்சம் சரி பண்ணேன்ப்பா…"

"சரி பண்ணிட்டியா? என்னால கடைசி வரைக்கும் முடியலையேம்மா!" சிரிக்கப் பார்த்தார், குரல் உடைந்தது. "எனக்கு அவ வேணும். அவ வராம நான் போகமாட்டேன்." வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் கோப்பைத் திறந்து மடிப்புகளை வரைந்து பார்த்தாள். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. தலைவலி வந்த மாதிரி இருந்தது. பெரிதாக்கினால் நெற்றி முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ரா கோப்பு? அவளே அழித்தது. கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கப் போன கணவரின் போன் அணைந்திருந்தது. வாசலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவரைப் பருவோடு அப்படியே அச்சடித்து அனுப்பினாள். அவர் படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், "உடம்பு சரியில்லையாக்கா?" என்றார்.

ஒரு மணிக்குக் கணவர் வந்தார். விஷயத்தைக் கேட்டவர் மாமனாரைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். உள்ளே போய் ஸ்டூலில் ஏறி, பின்னணித் திரைச் சுருளுக்குள் கைவிட்டு, ஒரு பழைய காலுறையை உருவினார். அதற்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்.

"நீ சனிக்கிழமை அழிப்பே. நான் வெள்ளிக்கிழமையே எடுத்து வச்சிடுவேன்."

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

"மத்த ஆம்பளைங்க சிகரெட்டை ஒளிச்சு வப்பாங்க!"

"அதைக்கூட நீ விட்டு வச்சிருப்பே."

வேறு நாளாயிருந்தால் ஸ்டூடியோ இரண்டுபட்டிருக்கும். இன்று அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

திரையில் அம்மா வந்தாள். மங்கிய வெளிச்சம், களைத்த தோல், புருவத்துக்கு நடுவே உழுத மாதிரி இரண்டு கோடுகள், இறுக்கிய உதடு. மகளின் விரல் மவுஸை நோக்கி ஓடியது. வெடுக்கென்று இழுத்து, வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"அப்படியே அச்சடிங்க," என்றாள் கணவரிடம்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்து திரைக்கு அருகில் குனிந்தார். முறைப்பு நேராக அவர் மேல் விழுந்தது. அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. மேல் பொத்தானைக் கழற்றி, சரியான துளையில் மாட்டினார். பிறகு அடுத்தது. அதற்கடுத்தது.

"போட்டுட்டேன்டி… இதோ, போட்டுட்டேன்."