ஒரு பக்கத்து வெளிச்சம் அணைந்தபோது

போன மாரி தொடங்கின நேரம். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு, குறிஞ்சாக்கேணியில் இருந்து என் தங்கச்சியை முதுகெலும்பு ஒப்பரேஷனுக்குக் கூட்டிப் போயிருந்தோம். நரம்புக்குப் பக்கத்தில் வெட்ட வேண்டும், ஸ்கேன் படத்தைத் திரையில் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய ஏலும், கை கொஞ்சம் பிசகினாலும் பிறகு நடக்க வராது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

கூட்டத்துக்குள் இருக்க எனக்கு எப்போதும் கூச்சம். ஒதுக்குப்புறமாக ஒரு கண்ணாடி அறைக்கு எதிரே கதிரையில் இருந்து துஆ ஓதிக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குள் அலுமாரி போலக் கம்ப்யூட்டர்கள், நிறையப் பச்சை வெளிச்சங்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கத்து வெளிச்சம் முழுக்க அணைந்துவிட்டது.

போனைக் கையில் பிடித்தபடி ஒரு பிள்ளை ஓடி வந்தாள். அந்த இயந்திரங்களுக்குப் பொறுப்பானவள், சாம்பல்தீவுப் பிள்ளை என்று பிறகு அறிந்தேன். ஸ்கேன் படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். இங்கேதான் என்றாள். அவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மகள், எங்கட தங்கச்சி உள்ளுக்க கிடக்கிறா. படம் நிண்டு போச்சா?"

"இல்லை அம்மா. மற்ற மெஷின் பொறுப்பெடுத்திட்டுது."

படங்கள் நடுவில் ஒரு பெட்டியில் இருக்குமாம். ஒரு இயந்திரம் அதை எடுத்துக் கொடுக்கும். மற்றது சும்மா நிற்பது போலத்தான் தெரியும். ஆனால் "இருக்கிறியா, இருக்கிறியா" என்று அது முதலாவதை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்குமாம். பதில் வராவிட்டால் அந்தக் கணமே தான் எடுத்துக்கொள்ளுமாம். இப்படியும் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்போது ஆஸ்பத்திரி மேலாளர் வந்தார். சும்மா நிற்கிற மெஷினுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று முந்தி பகிடி பண்ணினவராம். செத்ததைத் திரும்பப் போடச் சொல்லி அவசரப்படுத்தினார். அவள் அறைக்குள் போய் அதன் வயரையே கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அது அரைகுறையா எழும்பி நானும் இருக்கிறன் எண்டு நிக்கும் சேர். ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள கை வைச்சால் படம் பழுதாயிடும். ஒரு கதிரைக்கு ரெண்டு பேர் அடிபட்டால் கதிரைதானே உடையும்."

"மற்றதும் விழுந்தால்?"

அப்படி விழுந்தால் திரை இருண்டுவிடும் என்பது எனக்கே விளங்கியது.

"உள்ளுக்க ஆள் மேசையில கிடக்கிறா சேர். ஒப்பரேஷன் முடியட்டும். அதுவரைக்கும் இதை ஒருத்தரும் தொடேலாது."

மேலாளர் போய்விட்டார். அவள் போகவில்லை. எரிகிற அந்த ஒரு பக்கத்தையே பார்த்தபடி நின்றாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், மறுத்துவிட்டாள். நானும் எழும்பி அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

கடைசியில் டொக்டர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது, கால்விரலை அசைக்கிறா என்றார். படம் நின்றதா என்று அந்தப் பிள்ளை மெதுவாகக் கேட்டாள். ஒருதரம் இழுபட்டது போல இருந்தது, தாதி அவரின் நெற்றி வியர்வையைத் துடைக்கிறதுக்குள் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். அவள் அப்போதுதான் கதிரையில் இருந்தாள். இருந்ததும் அழுதாள்.

தங்கச்சி இப்போது வீட்டுக்குள் பிடிமானம் இல்லாமல் நடக்கிறாள். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான் கையேந்தும்போது, நமக்குத் தெரியாமலே நமக்காக விழித்திருக்கிற எல்லாருக்குமாகவும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.