கத்தரிக்காய் என்று சொன்ன கண்டக்டர்

அவரை எல்லோரும் கண்டக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தோல் பையும் விசிலும் அலமாரி உச்சியில் தூசி படிந்து கிடக்கின்றன. பெயர் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. "இப்ப என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால், "ஊதுறேன்" என்பார். "எதை?" என்றால், "என் வீட்டுக்காரி எதை நீட்டுறாளோ அதை" என்பார். நாகரிகம் தெரிந்தவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை.

விஷயம் இதுதான். அவர் மனைவி கண்ணாடிச் சிற்பி. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டித் தருகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்துக் கதவைத் தட்டியவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போனது தனிக் கதை. உலைக்குள் பாகாய்த் தளதளக்கும் கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் சுற்றி எடுத்து, வண்ணத் தூளில் புரட்டி, இழுத்து, வளைத்து, இடுப்புயரத்துக்கு ஊதாவும் மஞ்சளும் பச்சையுமாக உருவங்கள் செய்கிறாள். அவற்றில் தண்ணீர் ஊற்ற முடியாது, பூ வைக்க முடியாது. பார்க்கத்தான் முடியும். பார்த்துவிட்டு ஏதாவது சொல்லவும் வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

கண்ணாடி ஊதுவதை அவளே செய்கிறாள் என்று வெளியில் நினைக்கிறார்கள். அவளுக்கு ஏது மூன்றாவது கை? பெஞ்சில் உட்கார்ந்து குழாயை நிறுத்தாமல் உருட்ட ஒரு கை, ஈரச் செய்தித்தாள் மடிப்பால் சூட்டுக் கண்ணாடியைத் தடவி உருவம் கொடுக்க ஒரு கை. உருட்டுவதை நிறுத்தினால் கண்ணாடி தொங்கிவிடும். ஆகவே குழாயின் மறுமுனையில் குந்தி உட்கார்ந்து ஊதுவதற்கு ஓர் ஆள் வேண்டும். காது மந்தமான டிரைவரையே விசிலால் நிறுத்தின நெஞ்சு கண்டக்டருடையது. முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்: "வேலை நேரத்துல வாங்க போங்கன்னு மரியாதை பார்த்தா கண்ணாடி ஆறிடும். 'ஊது'ம்பேன், ஊதணும். 'போதும்'பேன், நிறுத்தணும்."

"ரைட்!" என்றார் கண்டக்டர்.

எதற்குமே அவருடைய பதில் 'ரைட்'தான். "இந்தச் சிவப்பு எப்படி இருக்கு?" ரைட், நல்லா இருக்கு. "வளைவு சரியா வந்திருக்கா?" ரைட், பிரமாதம். மனைவி உள்ளங்கையில் கொப்புளம் வரச் செய்ததை நல்லா இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமே என்ற பயமும் இருந்தது. மறைப்பானேன், பயம்தான் கூட.

பிறகு அந்தக் கண்காட்சி வந்தது. நடு மண்டபத்தில் அவளுடைய பெரிய வேலை நின்றது. அடியில் பருத்து மேலே ஒடுங்கிய ஊதா உருவம், பளபளவென்று வழுவழுத்த மேனி, உச்சியில் பச்சையில் ஒரு கொக்கி வளைவு. பெயர் 'ஆழ்கடலின் மௌனம்'. பத்திரிகைக்காரன் ஒருவன் ஓரமாக நின்ற கண்டக்டரிடம் வந்து, "சார், சாதாரண ஆளா நீங்க பார்க்குறப்போ இது என்ன?" என்று கேட்டான்.

நாள் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்து, வந்த இடத்தின் பெயரைக் கூவியே பழகிய வாய். அது சும்மா இருக்குமா?

"கத்தரிக்காய்ங்க. காம்பு கொஞ்சம் நீளம்" என்றார்.

மறுநாள் அதுதான் தலைப்பு. மண்டபத்துக்கு வந்தவர்களெல்லாம் "அந்தக் கத்தரிக்காய் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். கடைசியில் காய்கறி விதைக் கம்பெனி ஒன்று அதை வாங்கிக்கொண்டு போய் வரவேற்பறையில் வைத்துவிட்டது. அன்றோடு மனைவி அவருடன் பேச்சை முறித்துக்கொண்டாள்.

வேலை நிற்கவில்லை. உலைக்கு முன்னால் 'ஊது', 'போதும்' இரண்டும் இருந்தன. வீட்டில் அதுவும் இல்லை. சொல்ல வேண்டியதை அவள் ஃப்ரிட்ஜிடம் சொன்னாள். "சில பேர் ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுட்டுப் போயிடறாங்க, பாத்தியா?" என்பாள். ஃப்ரிட்ஜ் உர்ரென்று ஆமோதிக்கும். கண்டக்டர் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார். "அது கடல்தாம்மா, சத்தியமா கடல்தான்" என்றார். "இப்பத்தான் சிலருக்குக் கண்ணு தெரியுதாம்" என்றாள் ஃப்ரிட்ஜிடம். அவளுடைய தங்கை, பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள், சமாதானம் பேசித் தோற்றுப்போனாள். கண்டக்டருக்கு அந்த வீட்டில் பொறாமைப்பட ஓர் ஆள் உண்டென்றால் அது அந்த ஃப்ரிட்ஜ்தான். மனைவி தன் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டால் போதும், திட்டானாலும் சரி என்று ஏங்கிக் கிடந்தார்.

இந்த நிலையில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று தன் முன்மண்டபத்துக்கு ஒரு சிற்பம் கேட்டது. நீண்ட பச்சை மழைத்துளி, வழுவழுவென்று, ஒரே மூச்சில் ஊதினதுபோல் இருக்க வேண்டும் என்று அவள் தீர்மானித்தாள். கண்டக்டர் மனசுக்குள் சபதமே எடுத்துக்கொண்டார். இதை மட்டும் சுத்தமாக ஊதிக் கொடுத்தால் அவள் மனம் இளகும்.

அன்று காலை, கண்ணாடி குழாயில் ஏறி, தூள் புரண்டு, தணல் நிறத்தில் ஜொலிக்கும்போது அவருக்கு விக்கல் பிடித்தது.

"ஊது" என்றாள்.

ஊதினார். இடையில் 'ஹிக்' என்றது. அடைத்த மூச்சு குபுக்கென்று உள்ளே போனதில் கண்ணாடியின் விலாவில் ஒரு புடைப்பு கிளம்பியது. அவள் புருவம் ஏறியது. மறுபடி ஊதினார், மறுபடி ஒரு புடைப்பு. பாதியில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் அத்தனையும் தரையில்தான். உலைக் கதவைத் திறந்து மூட வந்திருந்த தங்கை பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள், முதுகில் அறைந்தாள். அதிர்ச்சி கொடுத்தால் நிற்கும் என்று, "மாமா, உங்க பென்ஷனை நிறுத்திட்டாங்களாம்!" என்று கத்தினாள்.

"போனாப் போகுது, ஹிக்" என்றார் கண்டக்டர். இன்னொரு புடைப்பு.

"யாரோ உங்களை நினைக்கிறாங்க மாமா. யாருன்னு சரியா சொல்லிட்டா நின்னுடும். உங்க பழைய டிரைவரா?"

"ஹிக்."

"உங்க பெரியப்பா மகனா?"

"ஹிக்."

"செக்கிங் இன்ஸ்பெக்டரா?"

"ஹிக், ஹிக்." அந்த ஆளை நினைத்தாலே இரண்டு வரும்.

"அப்ப அக்காவா?"

விக்கல் கப்பென்று நின்றது. மனைவியின் முகம் சிவந்திருந்தது. உலை வெக்கைக்கு யாருக்கும் சிவக்கத்தான் செய்யும். அவள் தலையைத் திருப்பாமல், "ஊது" என்றாள்.

கண்ணாடியை ஆறவைக்கும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் வெடித்துவிடும் என்பதால் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். சூட்டில் எல்லா நிறமும் தணலாகத்தான் தெரியும், ஆறின பிறகுதான் பச்சையா மஞ்சளா என்பதே வெளிச்சமாகும். பெட்டியைத் திறந்த அன்று மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் பருத்து, கரும்பச்சையில், மேலெல்லாம் புடைபுடையாக, நல்ல ஜாதிப் பாகற்காய் ஒன்று படுத்திருந்தது.

தங்கை கூரையைப் பார்த்தாள். "பேரு 'மூச்சின் பயணம்'" என்று மனைவி பெட்டியிடம் அறிவித்தாள். கண்டக்டர் பற்களைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

ஆஸ்பத்திரி மண்டபத்தில் திறப்பு விழா. விளக்கு வெளிச்சத்தில் அது ஜம்மென்று நின்றது. தலைமை டாக்டர் மூச்சைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் உருக்கமாகப் பேசினார். பேச்சு முடிந்ததும் அதே பத்திரிகைக்காரன், வேறு யாரும் கிடைக்காதவன் மாதிரி, நேராகக் கண்டக்டரிடம் வந்தான். "சார், போன தடவை போட்டு உடைச்சீங்களே. இது என்ன சார்?"

மண்டபமே காதைத் தீட்டிக்கொண்டது. கண்டக்டர் உதட்டை இறுக்கி மூடினார். தொண்டை வரை வந்து நின்ற சொல் கதவைத் தட்டியது. கன்னம் உப்பியது, விழி பிதுங்கியது. உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் என்று நின்றார்.

"ஹிக்."

இரண்டாவது விக்கலுக்கு நர்ஸ் வந்தாள். மூன்றாவதற்குச் சக்கர நாற்காலி வந்தது. குழந்தைகளுக்கான நாற்காலி, இரண்டு பக்கமும் வாத்துப் படம். அதில் அவரை அழுத்தி உட்காரவைத்துத் தலைமை டாக்டர் நாடி பிடித்தார். இன்னொருவர் "மூச்சை இழுத்து விடுங்க" என்றார். விட்டால் அந்தச் சொல்லும் கூடவே வந்துவிடும் என்று கண்டக்டர் விட மறுத்தார். முகம் சிற்பத்தைவிடக் கறுத்தது.

அவர் மனைவி டாக்டர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பேச அங்கே ஃப்ரிட்ஜ் இல்லை. அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"ஏங்க, சொல்லித் தொலைங்க! இப்படி அடக்கிவச்சு உசிரை விட்டுறாதீங்க!"

கண்டக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. 'ஏங்க' என்கிற சொல் எவ்வளவு இனிப்பு என்று அவருக்கு மறந்தே போயிருந்தது.

"பாகற்காய்ம்மா" என்றார் மெதுவாக. விக்கல் நின்றுவிட்டது.

"எனக்கு அது தெரியாதா? நான்தானே உருட்டினேன். அன்னைக்கு கத்தரிக்காய்னீங்களே, அதுக்கா இத்தனை நாள் கோவம்னு நினைச்சீங்க? கத்தரிக்காய் மாதிரி இருந்தா கத்தரிக்காய்தான். வீட்டுல நான் கேக்குறப்பல்லாம் ரைட்டு ரைட்டுன்னுட்டு, முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட போய் நெசத்தைச் சொன்னீங்களே! அவன் யாரு, நான் யாரு? உள்ள இருக்குறது உங்க மூச்சுதானே, எங்கிட்ட சொன்னா என்ன?"

பத்திரிகைக்காரன் எழுதுவதை நிறுத்திவிட்டான். கண்டக்டர் வாத்து நாற்காலியிலிருந்து எழுந்து மனைவியின் கையைப் பிடித்தார். எல்லோர் முன்னிலும் பிடித்தார், வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் விடவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் தன் பழைய வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த மஞ்சள் வளைவு? "செருப்பும்மா, இடது கால்." அந்தச் சிவப்புச் சுருள்? "பல்லு டாக்டர்கிட்ட எச்சில் உறிஞ்சுற பைப்பு." அவள் ஒவ்வொன்றுக்கும் அவர் தோளில் ஓங்கிக் குத்தினாள். "சுத்த அறிவுகெட்ட மனுஷா!" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீல அலைக்கு மட்டும் அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது எதுவுமே இல்லம்மா. ஆனா அதைப் பார்த்தா எனக்கு நெஞ்சு என்னமோ பண்ணும்" என்றார். அதற்கு அவள் குத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அதனிடம் ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிட்டு, திரும்பி அவரைப் பார்த்து, "உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

ரைட் என்று சொல்ல வாயெடுத்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டு யோசித்துப் பார்த்தார்.

"வேணாம்மா, தாகமில்ல" என்றார்.