இடப்பக்கம் திரும்ப மறுத்த முழங்கால்

போன வருஷம் பங்குனியில், கபடி ஆட்டத்தில் எதிரணி ஆளைத் தொட்டுவிட்டு இடப்பக்கமாகத் திரும்பினேன். வலது முழங்காலில் 'டப்' என்று ஒரு சத்தம். கோடு இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. என்னால் போய்ச் சேர முடியவில்லை.

ஜவ்வு அறுந்துவிட்டது என்றார் டாக்டர். சித்திரையில் அறுவை சிகிச்சை நடந்தது.

நான் காந்தி மார்க்கெட்டில் வாழை இலை வியாபாரம் செய்கிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஸ்ரீரங்கத்தில் நாலு பேருக்கு என்னைத் தெரியும் என்றால் அது கபடியால்தான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போன நாட்களில், இனி நான் யார் என்றே தெரியவில்லை. படுத்தபடி ஒன்றுதான் கேட்டேன். ரங்கநாதா, ஒரே ஒரு ரைடு. தொட்டுவிட்டு என் கோட்டுக்கு நான் வந்து சேரணும்.

எடமலைப்பட்டி புதூரில் நூர்ஜஹான் மேடம்தான் பிசியோதெரபி கொடுத்தார். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொல்வார். பத்து எண்ணுவதற்குள் வியர்த்துவிடும். "முட்டிக்கு அவசரம் புரியாதுங்க, பழக்கம்தான் புரியும்" என்பார். இன்றைக்கும் கடையில் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆவணியில் மெதுவாக ஓடலாம் என்றார். விடிந்ததும் ரங்கநாதர் கோயிலைச் சுற்றியிருக்கும் சித்திரை வீதிகளில் ஓடினேன். பயிற்சியும் ஆச்சு, பிரதட்சிணமும் ஆச்சு என்று எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று மாதம், ஒரு நாள் விடவில்லை.

கார்த்திகையில் மேடம் என்னை ஓடிவந்து திரும்பச் சொன்னார். வலப்பக்கம் சட்டென்று திரும்பினேன். இடப்பக்கம் என்றதும் வலது கால் ஊன்ற மறுத்துவிட்டது. தினமும் எங்கே, எப்படி ஓடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிரதட்சிணத்தில் எல்லா மூலையும் வலப்பக்கம்தானே. பயந்த காலுக்கு நான் பயிற்சியே கொடுக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் ஓடுங்கள், சாமி குத்தம் என்று தோன்றினால் வேறு தெருவில் ஓடுங்கள் என்றார். வேறு தெருவில் ஓடிப் பார்த்தேன். பயம் போகவில்லை. எனக்குத் தைரியம் வந்ததே சித்திரை வீதியில்தான். ஆனால் பெருமாளை இடமாகச் சுற்றுவதா? இரண்டு நாள் ஓடவே இல்லை. நீயே ஒரு வழி சொல்லு என்று அவரிடமே விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, வீதி மூலையில் சும்மா நின்றேன். அங்கே துளசி மாலை விற்கும் கோமளா அக்கா, "என்ன தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். மாலை கட்டும் கை நிற்கவில்லை.

"அவரே எத்தனை யுகமா காலை நீட்டிப் படுத்திருக்கார். கால் சமாச்சாரம் அவருக்குப் புரியாதா? போயிட்டு வாங்க."

இடமாக ஓடினேன். முதல் மூலையில் கால் நடுங்கியது. நாலாவது மூலையில் ஊன்றியது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த வைகாசியில் ரைடு போனேன். ஒருவரைத் தொட்டேன். இடப்பக்கம் திரும்பினேன். கோட்டைத் தாண்டினேன். ஒரே ஒரு பாயிண்ட். ஆட்டத்தில் தோற்றுவிட்டோம், மண்ணில் உட்கார்ந்து சந்தோஷமாக அழுதவன் நான் ஒருவன்தான்.

இப்போது தினமும் வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று. முன்பு தோற்றால் இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டேன். அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

உங்களுக்கும் கால் வைக்கப் பயமாக இருக்கிற ஒரு பக்கம் இருக்கலாம். கூச்சப்படாமல் பெருமாளிடம் கேளுங்கள். எனக்குப் பதில் துளசிக் கூடைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. உங்களுக்கு எங்கிருந்து வருமோ, காதைத் திறந்து வைத்திருங்கள்.