லிங்கம் பார்த்து எடுத்த வண்டிகள்

இசக்கிசெல்விக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வண்டி பார்த்து வாங்கவும் தெரியாது. கிள்ளிப்பாலத்தில் அவளும் அவள் புருஷன் லிங்கமும் நடத்திய சலவைக்கூடத்தில் துணி அவள் பாடு, வண்டி அவர் பாடு. கல்யாணமான கையோடு நாங்குநேரிப் பக்கமிருந்து வந்தவர்கள். முதலில் தம்பானூர் லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளை மட்டும் எடுத்துத் துவைத்தார்கள். பிறகு கோவளத்து ஓட்டல்கள், வர்க்கலா ரிசார்ட்டுகள், ரெண்டு தனியார் ஆஸ்பத்திரிகள் என்று தொழில் பெருத்தது. மூன்று டீசல் வண்டிகள் ஓடின. மூன்றையும் பழையதாகவே வாங்கி, லிங்கம் தன் கையாலேயே பழுது பார்த்து வைத்திருந்தார்.

ஒரு நாள் கோவளத்தில் லோடு இறக்கிவிட்டு வந்தவர், வண்டியை விட்டு இறங்கும்போது இடது கால் தரையில் பாவவில்லை. அப்படியே சரிந்தார். பக்கவாதம் என்றார்கள்.

உயிர் தப்பியது. சில மாதங்களில் கம்பை ஊன்றி நடக்கவும் தொடங்கினார். இடது கை விரல்கள் மட்டும் மடங்கவில்லை. அவர் படுத்திருந்த அந்தக் காலத்தில் வண்டிகளும் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. ஒன்றுக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட் கிடைக்கவில்லை. இன்னொன்றின் தார்ப்பாய் வழியே மழை இறங்கி, துவைத்த விரிப்புகள் ஈரமாகவே ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன. ஓட்டல்காரர்கள் முகம் சுளித்தார்கள். புது வண்டிகள் எடுத்தே ஆக வேண்டும் என்றானது.

லிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தபடி போனில் வண்டிகளாகப் பார்த்துத் தள்ளினார். ஒரு காலையில் அவளைக் கூப்பிட்டார்.

"செல்வி, கரண்டு வண்டியே எடுப்போம். நம்ம ஓட்டமெல்லாம் பக்கத்துலதான். ராத்திரி சார்ஜ் போட்டா காலைல ரெடி."

"அப்படியா?"

"அதுல கிளட்ச் இல்ல, கியர் இல்ல, கேட்டியா. இடது காலுக்கு வேலையே கிடையாது. ஒண்ண நானே ஓட்டுவேன்."

அவர் குரலில் அப்படி ஒரு தெளிவை அவள் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

டாக்டர் அவளிடம் தனியாகப் பேசியிருந்தார். கை கால் இன்னும் கொஞ்சம் தேறும், ஆனால் இனி வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்றார். கண்ணில் குறையில்லை, இடது பக்கம் இருப்பதை அவருடைய மூளைதான் எடுத்துக்கொள்ளவில்லை. தெரியவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது என்றார். இசக்கிசெல்விக்கு அதைப் புரிந்துகொள்ள டாக்டர் தேவைப்படவில்லை. தட்டில் சோற்றின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு அவியல் வைக்கலையா?" என்று அவர் கேட்பார். அவியல் இடது ஓரத்தில் அப்படியே இருக்கும். அவள் தட்டைத் திருப்பி வைப்பாள்.

மலையாளி டிரைவர் ஸ்ரீஜித்தையும் கூட்டிக்கொண்டு மூவரும் ஷோரூமுக்குப் போனார்கள். துணி தள்ளும் டிராலி ஒன்றையும் லிங்கம் ஏற்றிவரச் சொல்லியிருந்தார். விற்பனைக்காரர் காட்டிய பெரிய வண்டியைப் பார்த்ததுமே வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியின் தரைக்கீழ் பார்க்கிங்கில் அதன் கூரை இடிக்கும். சின்னதையும் வேண்டாம் என்றார். வர்க்கலாவுக்கு ரெண்டு நடை அடிக்க வேண்டியிருக்கும். நடுத்தரத்தில், தளம் தாழ்ந்த, நாலு பக்கமும் மூடிய வண்டியில் டிராலியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அழுக்குத் துணியும் வெளுத்த துணியும் ஒட்டாமலிருக்க நடுவில் தடுப்பு வேண்டும் என்றார். கோட்டைப் பகுதியின் குறுகிய தெருக்களில் திரும்புமா என்று ஸ்ரீஜித்தை ஓட்டிக்காட்டச் சொன்னார்.

கடைசியில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வலது கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் நோயில் விழுந்த பிறகு அவள் பார்த்த முதல் சிரிப்பு.

"செல்வி எங்க? செல்வியக் கூப்பிடு" என்றார் ஸ்ரீஜித்திடம்.

அவள் வண்டிக்கு இடது பக்கம், திறந்த கதவருகேதான் நின்றிருந்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள்.

"இங்கதான் இருக்கேன்" என்றாள்.

அதே மாதிரி மூன்று வண்டிகளுக்குச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

வண்டிகள் வந்த அன்று பூ போட்டு, தேங்காய் உடைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஸ்ரீஜித் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் லிங்கம் ஒரு வண்டியில் ஏறிவிட்டார். ஏறியதை இசக்கிசெல்வி பார்த்தாள். சாவியைத் தன் இடுப்பில்தான் செருகியிருக்கிறோம் என்று நினைத்தாள். அது வேறு வண்டியின் சாவி; இதன் சாவி வண்டியிலேயே இருந்தது.

சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தது. முற்றத்தில் இடது பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு விரிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள் வடிவம்மாள். ஆரம்ப நாளிலிருந்து அவர்களிடம் வேலை செய்பவள். வண்டி அவளருகே நின்ற துணி டிராலியை இடித்தது. டிராலி அவளைத் தள்ளியது. ஊன்றிய கையின் மணிக்கட்டு ஒடிந்தது. இசக்கிசெல்வியின் அலறலைக் கேட்டுத்தான் லிங்கம் பிரேக்கை மிதித்தார்.

"ஏன் கத்துற?" என்று இறங்கினார். "நான் பாத்துத்தானே எடுத்தேன். யாருமில்லையே."

வடிவம்மாள் தரையில் கிடந்தாள். வண்டியின் முகப்பில் நின்றுகொண்டும் அவருக்கு அவள் தெரியவில்லை. முனகல் மட்டும் கேட்டது. எங்கிருந்து என்று புரியாமல் வலது பக்கமே தேடினார். இசக்கிசெல்வி அவர் தோளைப் பிடித்துத் திருப்பிய பிறகுதான் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஒண்ணுமில்ல" என்றாள் வடிவம்மாள், கையைப் பிடித்துக்கொண்டு.

வடிவம்மாளுக்குக் கட்டுப் போட்டு வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது லிங்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரு."

"வண்டி பாக்கப் போறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

கட்டிலோரம் சாய்த்திருந்த கம்பை அவர் தள்ளி வைத்தார். பிறகு, "அப்ப நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினது, பாவம்னுதானா?" என்றார்.

"இல்லங்க. நீங்க சொன்னது சரியாயிருந்துது. வேற யாரு பாத்திருந்தாலும் இதத்தான் எடுத்திருப்பாங்க."

அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் சலவைக்கூடத்துக்கு வரவில்லை. வண்டிகள் நன்றாகவே ஓடின. அந்த வருஷ மழையில் ஒரு விரிப்புகூட நனையவில்லை. ஆஸ்பத்திரியில் நேராகத் தரைக்கீழே இறங்கி லிஃப்ட் வாசலில் நிறுத்த முடிந்தது. வடிவம்மாளும் கை சேர்ந்து வேலைக்குத் திரும்பினாள். கோவளத்து ஓட்டல் மேனேஜர் ஒருவர், தங்களுக்கும் இதே வண்டி வேண்டும், யார் பார்த்து எடுத்தது என்று கேட்டார். இசக்கிசெல்வி அன்று வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு ஓடினாள்.

லிங்கம் கேட்டுக்கொண்டார். "இப்படிச் சொல்லச் சொல்லி ஸ்ரீஜித் யோசனை சொன்னானாக்கும்" என்றார்.

"நீங்களே அந்த மேனேஜருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"எதுக்கு? நீ அவர்கிட்டயும் சொல்லி வச்சிருப்ப."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் அன்பாகச் சொன்னார். தனக்காக அவள் இவ்வளவு சிரமப்படுகிறாளே என்ற வருத்தத்தோடு சொன்னார். ஒரு தடவை மறைத்தவள் இனி எந்த உண்மையைச் சொன்னாலும் அது அவர் காதில் ஆறுதலாகத்தான் விழும் என்று அவளுக்குப் புரிந்தது.

ஐப்பசியில் பக்கவாதம் ரெண்டாவது தடவை வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே நேரம் தரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சலவைக்கூடத்தைத் திறந்த அன்று, ஸ்ரீஜித் வர்க்கலா லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாம் அவரு பாத்து எடுத்ததுதான். அவருதான் நம்பவே இல்ல ஸ்ரீஜித்."

"சேச்சி, எந்தா சொல்றது..." என்று அவன் ஆரம்பித்தான். பிறகு இருவருமாகச் சேர்ந்து மீதி மூட்டைகளை ஏற்றினார்கள்.