சாமியாருக்காக நான் போட்ட கையெழுத்து

பூசை முடிந்ததும் பீடத்துக்குக் கீழே மேசை போட்டு மனுவை விரித்து வைத்தார்கள். எங்கள் பங்குச் சாமியார் மாசற்றவர், அவர்மேல் சொன்னதெல்லாம் பொய் என்று ஆயருக்கு எழுதிய மனு. பங்குப்பேரவைத் தலைவர், "கைநாட்டு அந்தப் பக்கம், கையெழுத்து போடத் தெரிஞ்சவங்க இந்தப் பக்கம் வாங்க" என்றார். இந்தப் பக்கம் வந்த பெண்கள் மூன்றே பேர். நான் ஐந்தாவது படித்தவள் என்று நாலு பேருக்குத் தெரிய, அதுவரை எனக்கு ஓர் இடம் வாய்த்ததில்லை.

முந்தின நாள்தான் பக்கத்து வீட்டு அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பதினொரு வயது மகளிடம் சாமியார் முறைகேடாக நடந்துகொண்டார் என்று புகார் எழுதியவள் அவள்தான். "ஊரே என்னைத் தூத்திகினு கீது. நீ அவளைத் தூக்கி வளத்தவ. அவ பொய் சொல்லுவாளாடி? கையெழுத்து மட்டும் போடாத" என்றாள். "ஆங் அக்கா" என்றேன். மறுநாள் அவள் கண்ணெதிரிலேயே போட்டேன்.

கொஞ்ச நாளில் சாமியாருக்கு மாலை போட்டு, வேறு ஊருக்கு மாற்றி அனுப்பினார்கள். அக்கா குடும்பம் அரக்கோணம் போய்விட்டது. அவள் சாவுக்குக்கூட நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

முப்பது வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் பூசையில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். சாமியார் மாறிப்போன ஊரிலும் புகார் எழுந்ததாம். பழையதையும் சேர்த்து விசாரிக்க அரக்கோணத்தில் ஒரு குழு உட்காருகிறது, தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றார்கள். திருத்தணி ஸ்டேஷனில் காவடிக்காரர்கள் இறங்கிய ரயிலில் யாருக்கும் சொல்லாமல் ஏறினேன். தனியாக ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை. பயமா, சந்தோஷமா, தெரியவில்லை.

"அந்த மனுவுல என் பேரு கீதும்மா. அடிச்சுடுங்க" என்றேன், குழுவிலிருந்த வக்கீல் அம்மாவிடம்.

"அடிக்கக் கூடாதும்மா. ஊரு எப்படி நடந்துகிச்சுன்றதுக்கு அதுவும் சாட்சி. உங்களுக்குத் தெரிஞ்சதை இப்ப சொல்லுங்க."

சொன்னேன். சாமியார் வீட்டில் பூ கொடுத்துவிட்டு வா என்று யாராவது சொன்னால், அந்தக் குழந்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுததைச் சொன்னேன். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன்.

வெளியே அக்காவின் மகள் உட்கார்ந்திருந்தாள். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. "ரூமுக்குள்ள சொன்னது சரி சின்னம்மா. எங்கம்மாவை அவமானப்படுத்தினது கோயில்ல. அங்க சொல்லுவியா?" என்று கேட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் வந்திருந்தாள். அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்து நின்றேன். கைத்தடியோடு முன்வரிசையில் இருந்த பழைய தலைவர் திரும்பி, "உக்காரும்மா. முடிஞ்சுபோன கதையைக் கிளறிகினு" என்றார்.

"முடியலீங்க" என்றேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. "அந்தப் பொண்ணு சொன்னது நெசம். தெரிஞ்சேதான் நான் கையெழுத்து போட்டேன். நீங்களும்தான்."

பக்கத்தில் இருந்த பெண், என் புடவை தன்மேல் படாமல் தள்ளி உட்கார்ந்தாள். அக்காவின் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.