புள்ளியியல் மூன்றாம் ஆண்டு: மொத்தம் ஒருவர்

கல்லூரியில் சேர்ந்தபோது பாரதியின் வகுப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். மூன்று ஆண்டு முடிந்து வெளியே வந்தபோது அவள் ஒருத்திதான் இருந்தாள்.

நைனார்பாளையத்துப் பெண். அப்பா ராசுவும் அம்மா தைலம்மாளும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். மரவள்ளி பிடுங்கவோ மக்காச்சோளம் ஒடிக்கவோ, எந்தக் காட்டில் ஆள் கூப்பிட்டாலும் போவார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பாரதிக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண். அந்தக் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். எந்தப் பாடம் எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்க வீட்டில் யாருமில்லை. தெருவிலும் இல்லை.

விண்ணப்பம் போட சின்னசேலத்துக்குப் போனாள். பிரவீன்குமார் என்பவர் நடத்தும் பிரவுசிங் சென்டரில் வாசல் வரைக்கும் கூட்டம்.

"இன்னா பாடம் போடறது? சீக்கிரம் சொல்லும்மா."

"கம்ப்யூட்டர் சயின்ஸ்ண்ணா. இல்லன்னா கணக்கு."

"அதைத்தான் அல்லாரும் போடறாங்க. மூணாவதா ஒண்ணு போட்டு வெச்சிர்றேன், இன்னா?"

சரி என்று தலையாட்டினாள். மூன்றாவதாக என்ன போட்டார் என்று எட்டிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் அவள் தோளுக்கு மேலே காகிதங்களை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

கலந்தாய்வு நாளில் அவள் முறை வருவதற்குள் முதல் இரண்டு பாடங்களும் நிரம்பிவிட்டன. "புள்ளியியல்தான் இருக்கு, சேர்றியா?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். அடுத்த சுற்று வரை பொறுத்திருந்தால் கணக்கில் இடம் வர வாய்ப்பு உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. வேலையை விட்டுவிட்டு வந்த அப்பா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். சேர்ந்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா கேட்டார்.

"புள்ளியியல்னா இன்னா பாப்பா?"

"தெரிலப்பா."

"கோலம் மாரி எதுனாவா?"

அவள் சிரித்தாள். ஆனால் அதற்கு மேல் அவளுக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

பத்து நாளில் நான்கு பேர் கணக்குக்கு மாறிப் போனார்கள். அடுத்த சுற்று பற்றி அவர்களுக்குச் சொல்ல வீட்டில் ஒரு அண்ணனோ அக்காவோ இருந்திருக்கிறார்கள். இரண்டு பேர் நர்சிங் கிடைத்துப் போனார்கள். ஒரு பெண் ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாண்டு முடிந்தபோது நான்கு பேர் மிஞ்சினார்கள். சரத்குமார் என்ற பையன் விடுமுறைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன் அங்கேயே இருந்துவிட்டான். இன்னொருத்திக்கு இரண்டாம் ஆண்டு நடுவில் கல்யாணம் ஆயிற்று.

கடைசியாகப் போனவள் இலக்கியா. களமருதூர்ப் பெண், விடுதியில் தங்கியிருந்தாள். ஒரே பெஞ்சில் இரண்டு ஆண்டு பாரதியோடு உட்கார்ந்தவள். ஐந்து பேப்பர் அரியர் விழுந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனி வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

"நீயும் வந்துடேன்டி. தனியா இன்னா பண்ணப் போற?"

"வூட்ல வுட மாட்டாங்க" என்றாள் பாரதி. அது உண்மையில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள்.

மூன்றாம் ஆண்டு முதல் நாள் நாற்பது பேர் உட்காரும் அறையில் அவள் மட்டும் இருந்தாள். அவளுக்குப் பின் அந்தத் துறையில் யாரும் சேரவில்லை. பாடம் எடுக்க வந்தவர் தீனதயாளன், துறைக்கு இருந்த ஒரே ஆசிரியர், கௌரவ விரிவுரையாளர். தினமும் சேலத்திலிருந்து ரயிலில் சின்னசேலம் வந்து, பஸ் மாறி வருவார். பெரிதாகச் சிரிக்காத, கூச்சமான மனிதர். அவர் உள்ளே வந்து வருகைப் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயரை வாசித்தார்.

"உள்ளேன் ஐயா" என்றாள்.

பதிவேட்டை மூடிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, "எல்லாரும் எழுதிக்குங்க" என்றார். பழக்கதோஷம். சொன்ன பிறகு அவர் கை கொஞ்ச நேரம் பலகையில் அப்படியே நின்றது. பாரதிக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் முழங்கையால் இடிக்க ஆள் இல்லாததால் அது வந்த வழியே போய்விட்டது.

ஒற்றை ஆளாக வகுப்பில் இருப்பது எப்படிப்பட்டது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. புரியவில்லை என்றால் மொத்த வகுப்புக்கும் புரியவில்லை. கொட்டாவி விட்டால் மொத்த வகுப்பும் கொட்டாவி விட்டதாக ஆகிவிடும். பேனா எழுதாவிட்டால் கடன் கேட்க முடியாது. மதிய உணவுக்கு மற்றத் துறைப் பெண்கள் வேப்பமரத்தடியில் கூட்டம் கூட்டமாக உட்காருவார்கள். ஒரு நாள் தைரியமாகக் கணிதத் துறைப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். சுபஸ்ரீ என்ற பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நீ எந்த டிபார்ட்மென்ட்?"

"ஸ்டாட்."

"அங்க யாருமே இல்லன்னு சொன்னாங்களே?"

கெட்ட எண்ணத்தோடு கேட்டதல்ல. ஆனாலும் மறுநாளிலிருந்து பாரதி வகுப்பறையிலேயே சாப்பிட ஆரம்பித்தாள். ஃபேன் இருக்கிறது, வசதி என்று அம்மாவிடம் சொன்னாள்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டாள். திரும்பிப் போனபோது அலுவலக உதவியாளர் நிர்மலா அக்கா வராந்தாவில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பொண்ணு நீ, ஒரு போன் பண்ணக் கூடாது? அந்த சார் டெய்லி சேலத்துல இருந்து வந்து வெறும் ரூம்ல குந்திக்கினு இருந்தாரு. சாயந்தரம் எழுந்து போறாரு. எனக்கே பாவமா போச்சி."

பாரதி போய் மன்னிப்புக் கேட்டாள்.

"காய்ச்சல்தானேம்மா, அதுக்கென்ன" என்றார் அவர். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீ டிசி வாங்கிட்டியோன்னு நினைச்சேன்" என்றார்.

அதற்கப்புறம் அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. தான் போகாவிட்டால் இன்னொருவருக்கும் வேலை இல்லாமல் போகும் என்ற நினைப்பு, மழையிலும் அவளை பஸ் ஏற்றியது.

ஆனால் பொங்கல் விடுமுறைக்கு முன் வெள்ளிக்கிழமை, தீனதயாளன் தன் குறிப்பு நோட்டுகள் மூன்றையும் அவள் மேசையில் வைத்தார். சேலத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இனி வர மாட்டேன் என்றார். பாரதி "சரிங்க சார்" என்றாள்.

கடைசிப் பருவத்துக்குப் புதிதாக யாரும் நியமிக்கப்படவில்லை. கணிதத் துறையிலிருந்து ஒருவர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வந்து போனார். மற்ற நேரமெல்லாம் அறை, அவள், நோட்டுகள். காலையில் நிர்மலா அக்காவிடம் சாவி வாங்கி அவளே திறப்பாள். கால அட்டவணைப்படியே படித்தாள். முதல் மணிக்கு 'மாதிரிக் கணக்கெடுப்பு' என்ற பாடம் என்றால் அதுதான். வேறு நோட்டைத் தொட மாட்டாள். மணி அடித்தால்தான் அடுத்தது. அட்டவணையை ஒரு நாள் விட்டுவிட்டால் மறுநாள் வீட்டிலேயே இருந்துவிடுவோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சில மத்தியானங்களில் கணக்கை வாய்விட்டுச் சொல்லுவாள். ஒரு முறை வராந்தாவில் போன இரண்டு பையன்கள் நின்று பார்த்தார்கள். அவள் குரலைக் குறைத்துக்கொண்டாள்.

இரண்டு முறை இலக்கியாவைக் கூப்பிட்டாள். ஷிப்டில் இருந்தாள் போல, எடுக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டு, கம்பெனிப் பெண்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள்.

பல்கலைக்கழகத் தேர்வில் வேறு துறை மாணவர்களோடு ஒரே கூடத்தில் உட்கார வைத்தார்கள். வினாத்தாள் உறையைப் பிரித்த மேற்பார்வையாளர் உள்ளே கையை விட்டுத் துழாவினார். "ஒண்ணுதான் இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. பாரதி எழுந்து நின்று அந்த ஒரு தாளை வாங்கிக்கொண்டாள்.

முதல் வகுப்பில் தேறினாள். ராசு முடிவைக் கேட்டுவிட்டு, "எத்தனியாவது வந்த?" என்றார். "முதல்" என்றாள். அவர் ஊரெல்லாம் சொன்னார். எத்தனை பேரில் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஓராண்டு வீட்டிலிருந்து, அம்மாவோடு காட்டு வேலைக்கும் போய்வந்த பிறகு, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் ஒரு சுகாதாரத் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. மலைக் கிராமங்களில் பிறந்த குழந்தைகள், போட்ட தடுப்பூசிகள், இவற்றைக் கணினியில் ஏற்றி, எந்த ஊரில் குறைகிறது என்று கண்டுசொல்ல வேண்டும். படித்த பாடம் அங்கே உதவியது. அறை எடுத்துத் தங்கினாள். உடன் வேலை பார்க்கும் நர்ஸ் கமலா அவளைச் சாப்பிடக் கூப்பிடுவாள். பாரதி போவாள். ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். "குந்துடி, எங்க ஓடற?" என்று கமலா கேட்ட பிறகுதான் மறுபடி உட்காருவாள்.

போன ஜூலையில் பழைய கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. புதிய மாணவர்களுக்கு வரவேற்பு, வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கிப் போனாள். கூட்டத்தை நடத்திய பேராசிரியர் மைக்கில், "தனி ஒருவராகப் படித்துச் சாதித்த மாணவி" என்று அறிமுகப்படுத்திவிட்டு, "ரொம்பப் பெருமையா இருந்திருக்கும், இல்லையாம்மா?" என்றார்.

"இல்லைங்க சார். பேச ஆள் இல்லாம இருந்திச்சி."

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. எழுதி வைத்திருந்த காகிதத்தை அவள் பிரிக்கவில்லை.

"நான் சேர்ந்த பாடம் இன்னான்னே தெரியாம சேர்ந்தேன். பாடம் நல்ல பாடம்தான், அத நான் கொறை சொல்லல. ஆனா சேர்றதுக்கு முன்னாடி வந்து அந்த கிளாஸ் ரூமை ஒரு தபா பாத்திருக்கலாம். மேல் வருசத்துல எத்தனி பேர் இருக்காங்க, பாடம் எடுக்க வாத்தியார் இருக்காரான்னு கேட்டிருக்கலாம். கேக்க வெக்கமா இருந்திச்சி. நீங்க கேளுங்க. இப்பகூட மாத்திக்க நாள் இருக்கும், ஆபீஸ்ல போய் கேளுங்க. அப்பறம், பக்கத்து கிளாஸ் பசங்களோட பேசுங்க. யாரோ ஒருத்தி ஒரு வார்த்தை கேட்டுட்டாங்கன்னு நான் ரெண்டாவது நாள் போகல. போயிருக்கணும்."

இன்னும் சொல்ல நினைத்தாள். "அவ்ளோதான்" என்று இறங்கிவிட்டாள். கைதட்டல் சுமாராக இருந்தது.

வெளியே வந்தபோது ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். பெரியநாயகி என்று பெயர் சொன்னாள். மலையிலிருந்து வந்து விடுதியில் சேர்ந்து ஆறு நாள் ஆகிறதாம்.

"அக்கா, ரூம்ல யாரும் எங்கூட பேசலக்கா. எத்தனி நாள்ல சரியாவும்?"

சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்ல பாரதிக்கு மனம் வரவில்லை. "சாப்ட்டியா?" என்று கேட்டாள். இருவரும் வாசல் கடையில் டீ வாங்கினார்கள். பாதி குடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அடுத்த பஸ் எப்போது வருமோ தெரியாது. அவசரமாகத் தன் எண்ணை அந்தப் பெண்ணின் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

மலையில் எந்த ஊர் என்று கேட்க மறந்துவிட்டாள். வளைவுகளில் பஸ் ஏறும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. கேட்டிருந்தால் வீட்டுக்காவது போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியநாயகி இதுவரை கூப்பிடவில்லை.