ஊர் நம்பரும் ஒன்பதாம் மாத ஊசியும்

போன் கடையில் நிற்பவனுக்கு மற்றவர்கள் வீட்டுச் சங்கதியெல்லாம் தெரிந்துவிடும். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் நண்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் போனைத் திறந்து கொடுத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். நாம் திரையில் கோளாறை மட்டும் தேடுவதாக நடிப்போம். சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் பல வருடங்களாக அப்படித்தான் நடிக்கிறேன். பல பேரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். திரும்பத் திரும்ப ஒருவன்தான் வருகிறான்.

கவருக்குள் சிம்

செல்வம் கப்பல் பட்டறையில் வெல்டர். புதுக்கோட்டைப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைந்த கண்ணாடியை மாற்ற வந்தான். போன் கவரைக் கழற்றினேன். நகைக்கடை ரோஸ் தாளில் மடித்த சிம் ஒன்று விழுந்தது. எங்களிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான். போனில் இரண்டு சிம்முக்கு இடம் உண்டு. ஒன்று பேச, ஒன்று டேட்டாவுக்கு. இரண்டும் சிங்கப்பூர் சிம். ஊர் சிம் கவருக்குள் தூங்கும். ஆனால் ஊரில் வங்கி, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் பதிந்திருப்பது அந்த நம்பர்தான்.

"என் வீட்டுக்காரி எந்தக் கம்பெனி ஆஃபர் குடுக்குதோ அந்த சிம்முக்கு மாறிடுவா. அதான் அவ முழுகாம இருக்கறத பதியறப்ப நர்சம்மாகிட்ட என் நம்பரைக் குடுத்தேன். அப்பன் நம்பர்தானே குடுக்கணும்" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். மகள் பிறந்தபோது அவன் இங்கே வந்துவிட்டிருந்தான். அப்படியானால் இதைப் போட்டு வைக்கலாமே தம்பி என்றேன்.

"அது ஊர் நம்பர்ணே, ஊருக்குப் போறப்பதான் அதுக்கு உயிர் வரும்."

கம்பெனி மெசேஜ்

வங்கியிலிருந்து ஏதோ ஓடிபி வர வேண்டும் என்று ஒரு நாள் அந்த சிம்மைப் போடச் சொன்னான். ரீசார்ஜ் செய்து போட்டதும் கடைசி இரண்டொரு நாளில் வந்த குறுஞ்செய்திகள் வரிசையாக விழுந்தன. அதற்கு முந்தையவை காற்றோடு போயிருக்கும். "எல்லாம் கம்பெனி மெசேஜுண்ணே" என்று அழித்துக்கொண்டே வந்தான். என்னோடு வேலை பார்க்கும் பாத்திமா சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள். அவளுக்கும் கைக்குழந்தை உண்டு. குழந்தைக்கு ஒன்பதாம் மாத ஊசி போட வேண்டும் என்று அரசாங்கம் அனுப்பிய செய்தி அது. தட்டம்மை ஊசி.

அங்கேயே மனைவி கவிதாவைக் கூப்பிட்டான், ஸ்பீக்கரில். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள். ஆரம்பத்து ஊசிகளை அங்கே போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். அந்த ஊர் நர்சின் கணக்கில் குழந்தை ஊரைவிட்டுப் போய்விட்டது. இந்த ஊர் நர்சுக்குக் குழந்தை வந்ததே தெரியாது. "மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சுங்க. இப்ப புள்ளைக்கு ஊசி குத்த வேணாம்னு அத்தை சொல்றாங்க" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அடுத்தவன் வீட்டு அம்மனைப் பற்றி நான் யார் பேச? மூடிக்கொண்டேன். செல்வம் சிம்மைக் கழற்றி மறுபடி ரோஸ் தாளில் மடித்தான்.

"காப்பு அவுத்ததும் போட்டுருவாங்கண்ணே, ஒரு வாரந்தானே."

பாத்திமா வைத்த அலாரம்

பாத்திமா இங்கேயே செங்காங் பக்கம் குடியிருக்கிறாள். அவள் குழந்தைக்கு ஊசி நாள் நெருங்கினால் போன் அவளை விடாது. செய்தி மேல் செய்தி வரும். செல்வத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அவளே அவன் போனில் அலாரம் வைத்தாள். அவன் ஊரில் ஊசி போடுவது புதன்கிழமை. அதனால் புதன்தோறும் காலையில் அடிக்கும், குழந்தை அழுகிற சத்தத்தோடு.

திருவிழா முடிந்த பிறகு அறைத்தோழன் முத்துவோடு வந்தான். "என்னக்கா செஞ்சீங்க? புதன்கிழமையானா இவன் பாக்கெட்டு அழுவுது. வேலைக்கு லாரில தூங்கிக்கிட்டுப் போற அத்தன பேரும் எந்திரிச்சு உக்காந்துடுறோம்" என்றான் முத்து. எல்லோரும் சிரித்தோம். ஊசி போட்டாச்சா என்று கேட்டேன். கவிதா போனாளாம். அன்று மருந்து தீர்ந்துவிட்டதாம். வந்ததும் நர்சம்மா போன் போட்டுச் சொல்வதாகச் சொன்னாராம். கவிதா காத்திருக்கிறாளாம்.

"எந்த நம்பருக்குப் போன் போடுவாங்க அண்ணா?" என்றாள் பாத்திமா. கவிதா பெயருக்கு நேராக அங்கே பதிந்திருந்தது ஒரே ஒரு நம்பர், கவருக்குள் தூங்கும் நம்பர். செல்வம் உடனே ஊருக்குப் பேசினான். போனுக்குக் காத்திருக்காமல் வருகிற புதனன்று நேரிலேயே போகச் சொன்னான். முத்து அவன் போன் கவரை விரலால் தட்டினான்.

"அலாரம் இங்க அடிக்குது, புள்ள அங்க இருக்கு, நடுவுல அப்பன் ஸ்விட்ச் ஆஃப்."

வேப்பிலை

அந்தப் புதனுக்கு முன்பே குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. செல்வம் வேலை உடுப்போடு வந்து நின்றான். வீடியோ காலில் படம் தெளிவாக இல்லை, போனைப் பாருங்கள் என்றான். திரையில் குழந்தை கிடந்தது. உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து. மாமியாரின் குரல் மட்டும் கேட்டது: "ஆத்தா வந்திருக்கா. தண்ணி ஊத்துற வரைக்கும் ஆசுபத்திரிப் பேச்சே எடுக்கப்படாது."

"அண்ணா, பேபி கண்ணே தொறக்கல. ஹாஸ்பிட்டலுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க லா" என்றாள் பாத்திமா. இந்த முறை நானும் சொன்னேன். காப்புக் கட்டியபோது சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா என்று இன்றும் தெரியவில்லை. போனில் கோளாறு எதுவும் இல்லை. லென்ஸைத் துடைத்துக் கொடுத்தேன். செல்வம் திரையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"புள்ளைக்கு மூச்சு வாங்குதாண்ணே, இல்ல லைனு விட்டு விட்டு வருதா?"

நல்ல போன்

கவிதா மாமியாரை மீறி அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். காய்ச்சல் மூளையைத் தொட்டிருந்தது. குழந்தை பிழைத்துவிட்டது. காதுதான் போய்விட்டது. அதை எங்களுக்குச் சொன்னவன் முத்து.

பிறகு வெகுநாள் கழித்து செல்வம் வந்தான். வீட்டுக்கு அனுப்ப ஒரு போன் வேண்டும். நல்ல கேமரா உள்ளதை எடுத்து வைத்தேன். கேமரா வேண்டாம், சத்தம் பெரிதாக வந்தால் போதும் என்றான். முன்பெல்லாம் போனில் "தங்கம்" என்று கூப்பிட்டால் மகள் தவழ்ந்து வந்து திரையைப் பிடிப்பாளாம். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். அவன் மகளை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. இத்தனை நாள் அவளுக்குத் தெரிந்த அப்பன், போனிலிருந்து வந்த குரல்தான்.

பாத்திமா உள்ளே போய்விட்டாள். விற்பதா, மறுப்பதா? மறுத்தால் பக்கத்துக் கடையில் வாங்குவான். அப்படி நினைத்து விற்பது இரக்கமா, வியாபாரமா? ஒவ்வொரு போனாக முழுச் சத்தத்தில் ஒலிக்க வைத்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பொறுக்க முடியாமல், டாக்டர் என்ன சொன்னார் தம்பி என்றேன்.

"டாக்டர் சொன்னது தெரியும்ணே, நீங்க இன்னும் சத்தம் ஜாஸ்தி வர்ற போனா எடுங்க."

விற்கிற போன் வேலை செய்யும் என்பதற்கு ஒரு வருட வாரண்டி தருகிறோம்; அந்தப் பக்கம் கேட்கும் என்பதற்கு எங்கள் தொழிலில் யாரும் வாரண்டி தருவதில்லை.